உத்தியோகமும் உடன்போக்கும்

1

வெளிநாட்டிலிருந்து வரும் நியமனக் கடிதம் ஒருவருடைய பெயருக்கே வருகிறது. அதன் பொருட்டு இடம்பெயர்வோரோ இருவர். பிள்ளைகளையுஞ் சேர்த்தால் நால்வர். கடிதத்திற் பெயர் காணப்படாத மற்றவரிடம், அதற்கு என்ன விடை எழுதலாம் என எவரும் கேட்பதில்லை. அவரிடம் கேட்கப்படுவன வேறு: கடவுச்சீட்டுப் புதுப்பித்தாயிற்றா? விவாகப் பதிவுச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்தாயிற்றா? பாடசாலைக்கு விலகற் கடிதம் எப்போது கொடுப்பதாக உத்தேசம்?

ஈழத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். கணவன் பொறியியலாளன். மனைவி வன்னிப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை. பதினொரு வருட சேவை உடையவள். கணவனுக்கு அவுஸ்திரேலியாவில் வேலை கிடைக்கிறது. செய்தி வந்த அன்று மாலையே, "அவன் தனியப் போய் என்னத்தைச் சாப்பிடுவான், பிள்ளை?" என்று மாமி கவலைப்படத் தொடங்குகிறார். ஆசிரியர் அறையில், "உங்களுக்கென்ன ரீச்சர், யோகம்!" என வாழ்த்துகின்றனர். அதிபர் மட்டும், அடுத்த தவணைக்கு இரசாயனவியலுக்கு ஆளை எங்கே தேடுவது என்று முணுமுணுக்கிறார். ஒரு வாரத்துக்குள் யாவும் முடிவாகிவிடுகின்றன. முடிவு செய்தவர் யார் என்று வினவினால், கணவன் மனைவியைச் சுட்டுவான்: "அவளும் சம்மதித்தாள்." மனைவி குடும்பத்தைச் சுட்டுவாள். குடும்பம் காலத்தைச் சுட்டும். இக்குடும்பம் கற்பனையானது, ஆயினும் இத்தகைய வீடொன்றேனும் இல்லாத ஊர் தமிழ்ப் பிரதேசங்களில் அரிது.

வெளிநாடு செல்வது தவறு என வாதிடுவது இங்கு நோக்கமன்று. செல்வதா நிற்பதா என்ற வினா, உரியவரிடம் வினாவாகவே வைக்கப்படாமல் விடையாக ஒப்புவிக்கப்படுகிறது என்பதே குற்றச்சாட்டு. கணவனுக்குக் கிடைத்த வேலை மனைவிக்கு விடுக்கப்பட்ட கட்டளையாகக் கொள்ளப்படுகிறது. இக்கொள்கையைத் தாங்கிநிற்கும் நியாயங்கள் நான்கு: மரபு, வருமானம், பிள்ளைகளின் எதிர்காலம், குடும்ப ஒற்றுமை. இவை நான்கும் ஆராய்ச்சிக்கு நின்றுபிடிக்கக்கூடியனவல்ல.

2

முதலில் ஓர் எல்லை வகுத்துக்கொள்வது அவசியம். 1983 யூலைக்குப் பின்னரும் தொடர்ந்து வந்த யுத்த காலத்திலும் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் 'செல்வதா நிற்பதா' என விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. எரியும் வீட்டிலிருந்து வெளியேறுபவரிடம், உன் உத்தியோகம் என்னாவது என்று கேட்பது அறிவீனம். இங்கு பேசப்படுவது அவ்வோட்டம் பற்றியதன்று. இரு உத்தியோகங்கள் உள்ள வீட்டில் ஒருவருக்குச் சிறந்த வேலை வாய்க்கும்போது நிகழும் இடப்பெயர்வு பற்றியதே.

இவ்வகை இடப்பெயர்வு ஈழத்தமிழருக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மிஷனரிப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். சிலர் மனைவியரை அழைத்துச் சென்றனர். சிலர் ஊரில் விட்டுச் சென்று, பென்சனுடன் திரும்பிவந்து கல்வீடு கட்டினர். 1970களில், 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் விளைவுகளும் பல்கலைக்கழக அனுமதியில் ஏற்பட்ட தரப்படுத்தலும் நெருக்க, ஆசிரியரும் பொறியியலாளரும் கணக்காளரும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் ஏகினர். அண்மையில், 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைக்க நேர்ந்த ஆண்டில், வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவுசெய்து சென்றோர் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவ்வாண்டு யூனில், அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிவிட்ட சுற்றுநிருபமும் வெளியாயிற்று.

இவ்வரலாற்றில் ஒரு மாற்றம் கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாமல் இருக்கிறது. மலாயாவுக்குச் சென்ற எழுதுவினைஞரின் மனைவிக்குச் சம்பளம் தரும் உத்தியோகம் பெரும்பாலும் இருக்கவில்லை. அவள் எங்கு வாழ்வது என்பதே அன்றைய பிரச்சினை. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் நிலைமை அடியோடு மாறியது. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் புகுவோருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். மனைவி இன்று வைத்தியராக, விரிவுரையாளராக, நிருவாக சேவை அதிகாரியாக இருக்கிறாள். வாழ்க்கையின் பொருளியல் அடித்தளம் மாறிவிட்டது. அதன்மேல் எழுந்த வழக்கமோ மலாயாக் காலத்திலேயே நின்றுவிட்டது. உத்தியோகமில்லாத மனைவிக்காக ஏற்பட்ட வழக்கத்தை உத்தியோகமுள்ள மனைவி மீது சுமத்துவதே இன்றைய முரண்பாட்டின் மூலவேர்.

3

மரபின் பெயராற் பேசுவோர் முதலில் மரபைக் கற்பது நன்று. கணவன் செல்லுமிடமெல்லாம் மனைவி செல்வதே தமிழ்ப் பண்பாடு என மேடைகளில் முழங்குவோர், தொல்காப்பிய அகத்திணையியலைப் புரட்டிப் பார்ப்பின் திகைப்படைவர். பெண்ணுடன் கடல்கடந்து செல்லும் வழக்கு இல்லையென்று அங்கு கூறப்பட்டுள்ளது. அதற்கு உரையாசிரியர்கள் கூறும் விளக்கங்கள் எவ்வாறாயினும் ஆகுக. மரபை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவதாயின் எத்தனையோ விமானச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்க நேரும். தமக்கு வேண்டியவிடத்து மரபை அழைப்பதும், வேண்டாவிடத்து அதனை வாயிலில் நிறுத்துவதும் பண்பாட்டுப் பற்றாகாது.

அகமரபிற் பொருள்வயிற் பிரிவு என்றொரு துறை உண்டு. தலைவன் பொருள் தேடப் புறப்பட எண்ணுகிறான். அவ்வெண்ணம் அங்கு தடையின்றி நிறைவேறுவதில்லை. தோழி வாதிடுகிறாள், சுரத்தின் கொடுமையை எடுத்துரைக்கிறாள், நீ தேடச் செல்லும் பொருள் நீ விட்டுச் செல்லும் இளமைக்கு ஈடாகுமா என்னும் கருத்தை அவன்முன் வைக்கிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாலைக்கலியில் இத்தகைய பாடல்கள் பல. தலைவன் தன் நெஞ்சோடு தானே வழக்காடுவதும் உண்டு. ஈற்றிற் செலவைத் தவிர்ப்பதும் உண்டு. அதற்குச் 'செலவழுங்குதல்' எனத் தனிப்பெயரே இருக்கிறது. இலக்கிய மரபைச் சமூக வரலாறாக அப்படியே கொள்ளலாகாது என்பது உண்மையே. எனினும், பொருளுக்காகப் புறப்படுதல் விவாதத்துக்குரிய விடயம் என்ற உணர்வு அப்புலவர்களிடம் இருந்தது. இன்றைய குடும்பக் கூட்டத்திலோ தோழியின் இடம் வெறுமையாக இருக்கிறது. எல்லோரும் வழியனுப்ப வந்தவர்களாகவே இருக்கின்றனர்.

'உடன்போக்கு' என்ற சொல்லையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்க வேண்டும். தலைவி தலைவனுடன் சென்றுவிடுதலே அது. ஆனால் அங்கு அவள் எவருடைய நிர்ப்பந்தத்தாலும் செல்வதில்லை. பெற்றோர் வேறு மணம் பேச முற்படும்போது, தான் விரும்பியவனுடன் செல்வதெனத் துணிகிறாள். நற்றாயும் செவிலியும் புலம்புகின்றனர். ஊர் அலர் தூற்றுகிறது. இவற்றையெல்லாம் மீறி அவள் அடியெடுத்து வைக்கிறாள். சங்க இலக்கியத்தின் உடன்போக்கு குடும்பத்தின் விருப்பத்தை எதிர்த்துப் பெண் எடுத்த முடிவு. இன்றைய உடன்போக்கோ பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே குடும்பம் எடுக்கும் முடிவு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிப் பண்பாடு என்பது சொல்லுக்கும் பண்பாட்டுக்கும் செய்யும் அநீதியாகும்.

இனிக் கண்ணகி. கணவன் சொன்னதும் எழுந்து சென்றவள் என அவளை முன்னிறுத்தாத பட்டிமன்றம் இல்லை. இளங்கோவடிகள் காட்டும் கோவலனோ அவ்வாறு பெருமைப்படுபவனாகத் தெரியவில்லை. இழந்த பொருளை ஈட்ட மதுரைக்குச் செல்வதென்று தானே முடிவுசெய்து, பெரியோர் எவரையுங் கேளாது, பொழுது புலருமுன் அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டவன் அவன். பின்னர், மதுரைப் புறஞ்சேரியில் மாதரி அளித்த மனையிலிருக்கும்போது, தான் அழைத்ததும் அவள் மறுமொழியின்றி எழுந்துவிட்டதை நினைந்து அவனே உள்ளம் நைந்து வருந்துகிறான். அப்படி வருந்தும் பக்குவம் காப்பியத் தலைவனுக்கு இருந்தது. அவனைச் சான்று காட்டுவோருக்குத்தான் அது இல்லை.

4

இரண்டாவது நியாயம் வருமானம். "அங்கே அவருக்கு ஒரு மாதத்திற் கிடைப்பது இங்கே இருவருக்கும் ஒரு வருடத்திற் கிடையாது" என்பர். கணக்கு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் கணக்கேட்டில் வரவுப் பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. மனைவியின் இழப்பு எழுதப்பட வேண்டிய பக்கம் வெறுமையாக விடப்பட்டுள்ளது.

அரசாங்க சேவையிலிருப்பவள் விலகினால் ஓய்வூதியத்துக்குக் கணிக்கப்படும் சேவைக்காலம் அறுகிறது. தனியார் துறையிலிருப்பவளாயின், ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் செலுத்தும் 8 வீதமும் தொழில்கொள்வோர் செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் சேரும் 3 வீதமும் நின்றுவிடுகின்றன. பதவியுயர்வு வரிசையிலிருந்து அவள் பெயர் அகல்கிறது. இவை யாவும் இலக்கத்தில் எழுதக்கூடிய இழப்புகள். எழுதமுடியாதன வேறு இருக்கின்றன. வைத்தியராயின் பதிவு பெறுவதற்கு அந்நாட்டு மருத்துவப் பேரவையின் பரீட்சைகளுக்கு மறுபடியும் தோற்றவேண்டும். சட்டத்தரணியாயின் இலங்கைச் சட்டம் கடலுக்கு அப்பால் உதவாது. தொழில்புரியும் தகுதியை அந்நாட்டில் மீண்டும் பெறவேண்டும். தமிழ்மொழிமூலம் கற்பித்த ஆசிரியையின் பத்து வருட அனுபவத்துக்கு மெல்பேணிலோ லண்டனிலோ வேலைச் சந்தையில் விலை மிகக் குறைவு. கணவனின் தகைமை விமானத்தில் ஏறி அவனுடன் வருகிறது. மனைவியின் தகைமை கட்டுநாயக்காவிற் பின்தங்கிவிடுகிறது.

அதனினும் பாரதூரமானது சட்ட நிலை. குடிவரவுச் சட்டங்களின் மொழியில் அவள் 'தங்கியிருப்பவர்'. ஐக்கிய அமெரிக்காவிற் சிறப்புத் தொழிலாளர் வீசாவிற் செல்பவரின் வாழ்க்கைத்துணைக்கு 2015 மே மாதம் வரை வேலைசெய்யும் உரிமையே இருக்கவில்லை. அதன்பின்னரும் அவர்களுள் ஒரு பிரிவினருக்கு, அதாவது துணைவரின் நிரந்தர வதிவிடக் கோரிக்கை குறிப்பிட்டதொரு கட்டத்தைத் தாண்டியவர்களுக்கே, அவ்வுரிமை வழங்கப்பட்டது. ஐக்கிய இராச்சியம் பராமரிப்புத் தொழிலாளரை வரவேற்று, அவர்களுடன் குடும்பத்தினரையும் அனுமதித்தது. 2024 மார்ச்சிற் புதிதாக வருவோர் குடும்பத்தை அழைத்துவரலாகாது என்றது. 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்சேர்க்கும் அவ்வழியையே மூடியது. விதிகள் அந்நாட்டு அரசியலின் வசதிக்கேற்ப மாறுவன. துணைவர் வேலைசெய்ய இடமளிக்கும் நாடுகளும் உள. எனினும் அங்குங்கூடப் பொதுவாக அவள் வதியும் உரிமை கணவனின் வீசாவிலேயே தொங்குகிறது. அவன் வேலை இழப்பின் அவள் நாட்டை இழக்கும் அபாயம் உண்டு. மணவாழ்வு முறிந்தாலோ, அவள் எந்தத் தகுதியில் அங்கு நிற்பது என்ற கேள்வி எழுகிறது. இந்த அபாயத்தை விளங்கிக்கொண்டு ஏற்பவள் துணிவுடையவள். விளக்காமலே அவளை அதில் இறக்கிவிடுவோரை என்னவென்பது?

"பணம் குடும்பத்துக்குத்தானே வருகிறது" என்பர். குடும்பத்துக்கு வருகிறது, வரும் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? இங்கு தன் சம்பளத்தில் தாய்க்கு மாதாந்தம் பணம் கொடுத்த பெண், அங்கு கணவனிடம் கேட்டுக் கொடுக்கவேண்டியவளாகிறாள். கணவன் நல்லவனாயிருக்கலாம்; கேட்டவுடன் கொடுப்பவனாகவும் இருக்கலாம். கேட்கவேண்டிய நிலைக்கு அவள் வந்துவிட்டாள் என்பது அதனால் மாறிவிடுவதில்லை.

5

மூன்றாவதும் நான்காவதுமான நியாயங்கள் ஒருங்கே கூறப்படுபவை: பிள்ளைகளின் எதிர்காலம், குடும்ப ஒற்றுமை. இவற்றை மறுப்பவர் கல்நெஞ்சர் எனப்படுவர். ஆதலால் இவற்றை மறுப்பதற்குப் பதிலாக, இவை எப்போது நினைவுக்கு வருகின்றன என்று பார்ப்பதே தக்கது.

முன்னர்க் கூறிய குடும்பத்திற் கடிதம் மனைவியின் பெயருக்கு வந்திருந்தால் என்ன நிகழும்? அவளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசிலோ, வைத்தியசாலையொன்றிற் பதவியோ கிடைத்ததாகக் கொள்க. அதே மாமி, "அவள் தனியப் போய் என்னத்தைச் சாப்பிடுவாள்?" என்று கேட்கமாட்டார். "அப்ப பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்றே கேட்பார். ஆசிரியர் அறையில் வாழ்த்தோடு ஓர் இரகசியச் சிரிப்பும் பரவும். கணவன் தன் வேலையை விட்டு அவளுடன் செல்வதாகச் சொன்னால், 'பெண்சாதியின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு போகிறான்' என்று ஊர் நகைக்கும். பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கல்வி கிடைக்குமே என்ற நியாயம் அப்போது எங்கே போயிற்று? குடும்பம் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கொள்கை அப்போது ஏன் கணவனைப் புறப்படச் சொல்லவில்லை? ஒரே நியாயம், கடிதத்திலுள்ள பெயர் மாறியதும் செல்லாக்காசாகிவிடுமாயின், அது நியாயமாக ஒருபோதும் இருந்ததில்லை; ஒரு தரப்பின் வசதிக்கு இட்ட பெயராகவே இருந்தது.

இதற்கான சான்றைக் கற்பனையில் தேடவேண்டியதில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்காக இலங்கைப் பெண்கள் செல்லத் தொடங்கினர். 1990களில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றோருட் பெரும்பான்மையினர் பெண்களே. அவர்கள் அனுப்பிய பணம் வீடுகளையும் நாட்டின் அந்நியச் செலாவணியையும் தாங்கியது. அப்பெண்களுட் பெரும்பாலோரின் கணவன்மார் ஊரிலேயே நின்றனர். குடும்ப ஒற்றுமைக்காக உடன்செல்லுமாறு அவர்களை எவரும் வற்புறுத்தவில்லை. உடன்செல்ல அந்த ஒப்பந்தங்களில் இடமும் இருக்கவில்லை. குடும்பங்கள் பிரிந்தே வாழ்ந்தன. அதைச் சமுதாயம் சகித்துக்கொண்டது. அதாவது, பெண்ணின் உழைப்பு தேவைப்பட்டபோது குடும்பம் பிரியலாம். பெண்ணின் உத்தியோகம் காக்கப்படவேண்டிய போது மட்டும் குடும்பம் பிரியலாகாது.

அரசும் இவ்விரட்டை அளவுகோலைக் கையாண்டது. வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை சமர்ப்பிக்கவேண்டும் என 2013 இல் விதித்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மாரைத் தடுத்தது. 2022 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. கைக்குழந்தையை விட்டுச் செல்லும் தகப்பனிடம் அத்தகைய அறிக்கை எதுவும் கோரப்படவில்லை. தாய் பிரிந்தால் பிள்ளை கெடும், தந்தை பிரிந்தால் பிள்ளை வாழும் என்ற இக்கோட்பாட்டுக்கு ஆதாரம் எந்த உளவியலிலும் இல்லை, அடுக்களையிலேயே உண்டு.

பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி இன்னுமொன்று. பாடசாலையும் பாதுகாப்பும் மட்டும் எதிர்காலமாகிவிடா. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்பித்த தாய், பரதேசத்தில் வேலையற்று, எவர்க்கும் தேவைப்படாதவளாய் யன்னலோரம் அமர்ந்திருப்பதைப் பார்த்து வளரும் மகளும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். தானும் ஒருநாள் எத்தனை பட்டங்கள் பெற்றாலும் மற்றொருவரின் கடிதம் வரும்வரையே அவை செல்லும் என்பதே அப்பாடம்.

6

எதிர்ப்புறத்திலிருந்து வரும் கூச்சலையும் இங்கு மறுத்துரைப்பது முறை. தேசபக்தியின் பெயரால், செல்பவர் அனைவரையும் நன்றிகெட்டவர் எனத் தூற்றும் ஒரு கூட்டம் உண்டு. இலவசக் கல்வியை உண்டுவிட்டு அந்நியனுக்கு உழைக்கச் செல்கிறார்களே என்பது அவர்களின் வாதம். சுமையில் உண்மை இல்லாமலில்லை. கிராமத்து உழவனும் தோட்டத் தொழிலாளியும் செலுத்திய வரியிலேயே பொறியியலாளனும் வைத்தியரும் உருவாயினர். ஆயின் இக்கூட்டத்தாரும் கணக்கிடுவது கணவனை மட்டுமே. பொறியியலாளன் ஒருவன் போய்விட்டான் எனக் கட்டுரை எழுதுவர். அவனுடன் ஓர் இரசாயனவியல் ஆசிரியையும் போய்விட்டாள் என்பதை எழுதுவதில்லை. அவனேனும் அந்நிய நாட்டிற் பாலம் கட்டுகிறான். அவளின் கல்வியோ அங்கும் பயன்படவில்லை, இங்கும் பயன்படவில்லை. வன்னி மாணவர்கள் இழந்ததை மெல்பேண் மாணவர்கள் பெறவில்லை.

இலங்கையிற் பெண்களுட் சுமார் மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். பல்கலைக்கழக வாயிலிற் பெரும்பான்மையாக நிற்கும் பெண்கள், உழைப்புக் களத்துக்கு வரும்போது சிறுபான்மையாகிவிடுவதற்குக் காரணங்கள் பல. திருமணமும் பிள்ளைப்பேறும் பராமரிப்பு வசதியின்மையும் அவற்றுட் சில. கணவனின் இடமாற்றத்தோடு மனைவியின் உத்தியோகம் கரைந்துபோவதும் அவ்வரிசையிற் சேர்க்கப்படவேண்டியது. கொழும்புக்கு மாற்றலாகும் கணவனுக்காக மட்டக்களப்பில் வேலையை விட்ட பெண்ணும், கனடாவுக்குச் செல்லும் கணவனுக்காக யாழ்ப்பாணத்தில் வேலையை விட்ட பெண்ணும் ஒரே பாதையின் இரு மைல்கற்களில் நிற்பவர்களே. கடல் இடையில் இருப்பதால் இரண்டாமவளுக்குத் திரும்பிவரும் வழி கடினம், வேறுபாடு அவ்வளவே.

7

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? செல்லாதே என்பது விடையாகாது. இருவரும் அமர்ந்து, இருவர் வாழ்வையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தபின் செல்வதெனத் தீர்மானித்தால், அதற்கு ஊராரின் அனுமதி தேவையில்லை. உத்தியோகத்தில் உவப்பில்லாது, புதிய நாட்டிற் புதிய வாழ்வு தொடங்க விரும்பும் பெண்ணும் உண்டு. அவ்விருப்பம் அவளுடையதாயின் அதற்குக் குறைசொல்வார் யார்? வேண்டப்படுவது ஒன்றே: நியமனக் கடிதத்துக்கு விடை எழுதுமுன், அதிற் பெயரில்லாதவரிடம் அக்கேள்வி மெய்யாகவே கேட்கப்படவேண்டும். 'இல்லை' என்ற விடைக்கும் அங்கு இடம் இருந்தாலன்றி அது கேள்வியாகாது.

கேள்வி மெய்யானதா என்பதைச் சில குறிகளால் அறியலாம். வீசா எத்தகையது, அதில் மனைவி வேலைசெய்யலாமா, அவளது தகைமை அங்கு எவ்வாறு ஏற்கப்படும், அதற்கு எத்தனை ஆண்டுகளும் எவ்வளவு செலவும் ஆகும் என்பன, செல்லுமுன் எழுத்தில் விசாரிக்கப்பட்டனவா? விலகற் கடிதத்துக்கு முன் சம்பளமற்ற விடுமுறைக்கு விண்ணப்பிக்கப்பட்டதா? கணவன் முதலில் தனியே சென்று ஓராண்டு பார்ப்பது பற்றிப் பேசப்பட்டதா? அவள் கற்றுத் தகைமை பெறும் காலத்திற் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டதா? அங்கு அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்குமா? இத்தனை ஆண்டுகளில் நிலைமை சீராகாவிடின் திரும்புவது என ஓர் எல்லை வகுக்கப்பட்டதா? ஊரில் விடப்படும் இரு தரப்புப் பெற்றோரும், அவனுடைய பெற்றோர் மட்டுமல்லாமல் அவளுடைய பெற்றோரும், எண்ணிப் பார்க்கப்பட்டனரா? இறுதியாக, அடுத்த கடிதம் அவள் பெயருக்கு வந்தால் அவன் புறப்படுவானா? இவற்றுக்கு விடை இல்லாத வீட்டில் எடுக்கப்பட்டது தீர்மானமன்று. பிரயாண ஏற்பாடு மட்டுமே.

இவ்வினாக்களைக் கேட்கும் மனைவியைச் சுயநலக்காரி என்பர். கணவனின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவள் என்பர். தன் முன்னேற்றத்தை நாடுபவன் இலட்சியவாதி, தன் உத்தியோகத்தை இழக்க மறுப்பவள் சுயநலக்காரி என்ற அகராதி எவர் தொகுத்தது என்று கேட்கும் துணிவு பெண்களுக்கு மட்டுமன்றி ஆண்களுக்கும் வேண்டும். மனைவி மௌனமாக எழுந்து வருவதைச் சம்மதமெனக் கொள்ளும் கணவன், கோவலன் மாதரி மனையில் அடைந்த வேதனையை என்றோ ஒருநாள், வேறொரு நாட்டின் குளிர்காலத்தில், தானும் அடையக்கூடும். அவ்வேதனையைப் புறப்படுமுன்னரே எண்ணிப்பார்ப்பது மேலானது.

கண்ணகியின் கதையை மேற்கோள் காட்டுவோர் அதனை முடிவுவரை படிப்பதும் நன்று. உற்றார் எவருமற்ற அந்நிய நகரத்திற் கணவனை இழந்து நின்றவளுக்கு அரசவையில் வழக்குரைக்கத் துணைநின்றது, அவளிடம் எஞ்சியிருந்த ஒற்றைச் சிலம்பு. அது அவளுக்கே உரியதாயிருந்தது. அதனுள் இருந்த பரலை அவள் அறிந்திருந்தாள். உடன்செல்லும் பெண் ஒவ்வொருத்தியின் கையிலும் அத்தகைய ஒன்று, பட்டமோ பதவியோ சேமிப்போ திரும்பிவரும் வழியோ, அவள் பெயரில் எஞ்சியிருக்க வேண்டும். இருந்த இரண்டையும் விற்றுப் பயணச் சீட்டு வாங்கச் சொல்லும் குடும்பம், அதனை அன்பு என்று அழைக்காமலேனும் இருக்கட்டும்.